நகம் நுழையாத சுவர்

மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

வாலு எழுதுகிறேன். இத்தனை மாதம் வாயே திறக்காமல் இருந்துவிட்டு இப்போது பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாளே, ஏதோ காரியம் இருக்கிறது என்று உறையைக் கிழிக்கும்போதே நினைத்திருப்பீர்கள். இருக்கிறது. அதற்கு முன் நலம் விசாரிப்பை முடித்துவிடுகிறேன். நான் நலம். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் (பொய்). தலைக்குக் குளித்து நான்கு நாளாகிறது (மெய்). முழங்கால் வலிக்கு மாத்திரை போடுகிறீர்களா, இல்லை பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறீர்களா?

நிலநடுக்கம் வந்த ஊரில் இருக்கிறேன். இங்கே போன் சரியாகக் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் நீங்கள் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். எங்கள் குழுவில் ஆறு பொறியாளர்கள். கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கி, உள்ளே ஆள் இருக்கலாமா கூடாதா என்று முடிவு செய்து வாசலில் சீட்டு ஒட்டுவது எங்கள் வேலை. பச்சைச் சீட்டு ஒட்டினால் கும்பிடுகிறார்கள். சிவப்பு ஒட்டினால் சாபம் கொடுக்கிறார்கள். இரண்டுக்கும் பழகிவிட்டது.

நேற்று ஒரு பள்ளிக்கூடம் பார்த்தேன். கீழ்த்தளம், அதன்மேல் ஒரு மாடி. கீழே ஒரு பக்கம் முழுக்க வராந்தா, அதில் வரிசையாகத் தூண்கள். சாரல் அடிக்கிறது என்று தூணுக்குத் தூண் செங்கல் சுவர் எழுப்பி, வெளிச்சத்துக்காக மேலே மட்டும் மூன்றடி திறந்து விட்டிருந்தார்கள். அந்த மூன்றடியில்தான் தூண்கள் எல்லாம் உடைந்திருந்தன. சுவரில் ஒரு கீறல் இல்லை. அதற்கு மேலே தூணில் பெருக்கல் குறி போட்ட மாதிரி விரிசல், கம்பி வெளியே பிதுங்கி நிற்கிறது. கடைசி இரண்டு அறைகளில் மாடி முழுசாகக் கீழே வந்துவிட்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. "திங்கக்கிழமையா இருந்திருந்தா அந்த ரெண்டு ரூம்லயும் சேத்து அறுபத்திமூணு பேரும்மா" என்றார் அங்கே இருந்த ஆசிரியர். மூன்று முறை சொன்னார்.

எனக்கு உங்கள் பள்ளிக்கூடத்து வராந்தா ஞாபகம் வந்தது, அண்ணி. அண்ணன் கட்டிய சுவர். அண்ணன் போனபோது வந்த நான் அந்தச் சுவரில் சாய்ந்து அழுதேனே தவிர, அதைப் பார்க்கவில்லை.

டேப்பை எடுத்துக்கொண்டு போய் மூன்று விஷயம் பாருங்கள். தூண் என்ன உயரம்? சுவர் என்ன உயரம்? சுவர் தூணைத் தொடுகிற இடத்தில் விரல் விட இடம் இருக்கிறதா? தலைமையாசிரியையை ஏணியில் ஏறச் சொல்லவில்லை, யாரையாவது ஏற்றுங்கள். பதில் உடனே வேண்டும்.

அன்புடன்,
வாலு


மார்ச் 11

அன்புள்ள வாலுக்கு,

உன் கடிதத்தில் ஒரு திருத்தம். இத்தனை மாதம் என்று மழுப்பாதே, ஒன்பது மாதம். மாத்திரை பீரோவில்தான் இருக்கிறது, ஆனால் பூட்டவில்லை.

இடிந்த ஊரில் சாப்பிடாமல் குளிக்காமல் அலைகிறாய் என்று படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்னை வளர்த்த அண்ணன் இருந்திருந்தால் இந்நேரம் பஸ் ஏறியிருப்பார். நான் கடிதம்தான் எழுத முடியும். தலையில் ஏதாவது மாட்டிக்கொண்டு உள்ளே போகிறாய் அல்லவா?

நீ கேட்டவை. தூண்கள் பதினொன்று. தரையிலிருந்து பீம் வரை பத்தடி. சுவர் ஏழடி. மேலே மூன்றடி திறப்பு, கம்பி வலை அடித்திருக்கிறது. ஏணியில் நானேதான் ஏறினேன், முழங்கால் எதுவும் சொல்லவில்லை. விரல் விடச் சொன்னாயே, விரலா? நகம்கூட நுழையவில்லை. தூண்களுக்கு நடுவே பத்துச் சுவர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனை, இருபது இடத்திலும் பார்த்தேன். உன் அண்ணன் மேஸ்திரி வேலை எப்படி என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? தூணைக் கொத்திவிட்டு, நனைத்து, கலவையை அப்பி, ஒவ்வொரு செங்கல்லாக அழுத்தி வைத்தார். சுவர் எது, தூண் எது என்று பூச்சுக்குமேல் தடவிப் பார்த்தாலும் தெரியாது.

எதற்காகக் கட்டினார் என்பது உனக்கு மறந்திருக்கும். முன்பக்கம் பள்ளம், வராந்தா தரையிலிருந்து நான்கடி உயரம். ஒரே வாரத்தில் இரண்டு குழந்தைகள் விழுந்து, ஒன்றுக்குக் கை முறிந்தது. இடப் பற்றாக்குறை வேறு. அதை அடைத்தால் ஒன்றாம் வகுப்புக்கு அறையும் ஆயிற்று, பாதுகாப்பும் ஆயிற்று என்று அவர்தான் யோசனை சொன்னார். விடுமுறை மாதத்தில் தன் ஆட்களை வைத்து முடித்துக் கொடுத்தார். மூன்றாம் மாதம் படுத்தார். அதுதான் அவருடைய கடைசி வேலை. தினமும் காலையில் ஒரு முறை அதைத் தொட்டுவிட்டுத்தான் என் அறைக்குப் போகிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

அளவு சரிதானே?

அன்புடன்,
அண்ணி


மார்ச் 19

அன்புள்ள அண்ணிக்கு,

சரியில்லை. சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது, உங்களுக்கும் பிடிக்காது. அந்தச் சுவரை இப்படியே விடக்கூடாது.

உங்கள் மேஜையில் ஒரு நீளமான மர ஸ்கேல் இருக்குமே, அதை எடுங்கள். ஒரு முனையை மேஜையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு முனையைத் தள்ளுங்கள். வளைந்து கொடுக்கும், விட்டால் திரும்பி வரும். இப்போது கொஞ்சம்போல மட்டும் வெளியே நீட்டி வைத்துத் தள்ளுங்கள். வளையாது. இன்னும் தள்ளினால் முறியும். பூமி ஆடும்போது மாடி பக்கவாட்டில் போய் வரும், தூண்களும் கூடவே போய் வர வேண்டும். பத்தடித் தூணுக்கு அந்த நீளம் இருக்கிறது. அண்ணன் ஏழடிவரை அதை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்துவிட்டார். மிச்சம் மூன்றடி. அது வளையாது என்பதால் மாடியின் ஆட்டம் முழுவதும் அதன்மேல்தான் வந்து இறங்கும். வேடிக்கை என்ன தெரியுமா? ஏனோதானோ என்று ஒரு ஆள் கட்டியிருந்தால், சுவர் பிய்த்துக்கொண்டு விலகி, தூண் ஒருவேளை பிழைத்திருக்கும். நம்முடையது விலகாது. அவ்வளவு நல்ல வேலை.

முழுக்க இடிக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு தூணை ஒட்டியும், இரண்டு பக்கமும், கீழிருந்து மேல்வரை சுவரை இரண்டு விரல் அகலத்துக்கு அறுத்துவிட வேண்டும். அந்த இடைவெளியில் தெர்மாக்கோல் வைத்து மூடலாம், சாரல் வராது. சுவர் தனியாக நிற்க உள்பக்கம் தரையில் பதித்து இரும்புக் கால்கள் கொடுக்கலாம். அந்தக் கால்களும் தூணைத் தொடக்கூடாது. படம் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். இரண்டு வார வேலை. அதுவரை ஒன்றாம் வகுப்பு அங்கே உட்காரக்கூடாது, மாடியிலும் யாரும் இருக்கக்கூடாது. போன வருடம் நம் ஊரில் ஜன்னல் கண்ணாடி குலுங்கியது என்று நீங்களே எழுதினீர்கள்.

எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அண்ணனுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரிந்திருக்க வழியில்லை, அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் கட்டுவதற்கு முன் தெரிந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வீட்டிலேயே ஒரு எஞ்சினியரை வைத்துக்கொண்டு.

அன்புடன்,
வாலு


மார்ச் 28

வாலுக்கு,

உன் கடிதமும் படமும் கிடைத்தன. நிர்வாகக் குழுவில் வைத்தேன். செயலாளர் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் முறைப்படி இருக்கே மேடம், எதுக்கு நல்லா இருக்குற சுவத்த அறுக்கணும்?" என்றார். மற்றவர்களும் அதையே சொன்னார்கள்.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை நீ எழுதாமல் இருந்திருக்கலாம்.

அண்ணி


ஏப்ரல் 5

அன்புள்ள அண்ணிக்கு,

கோபம் என்று தெரிகிறது. அண்ணனைச் சொன்னதுக்கு மன்னிப்புக் கேட்கிறேன். அந்த வரியை அடித்துவிடுங்கள். மற்ற வரிகளை அடிக்க என்னால் முடியாது.

"முறைப்படி" என்றால் என்ன அர்த்தம்? எந்த முறை? யார் பார்த்துச் சரி என்று சொன்னார்கள்? அந்த மகானுபாவரின் பெயரை எழுதுங்கள், நான் அவரிடமே பேசிக்கொள்கிறேன். கையெழுத்துப் போடத் தெரிந்தவன் எல்லாம் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டா போடுகிறான்? இங்கே நான் தினமும் பார்க்கிறேன். விழுந்து கிடக்கிற ஒவ்வொரு கட்டடத்துக்கும் எங்கோ ஒரு ஃபைலில் "சரி" என்று ஒரு தாள் இருக்கிறது.

குழந்தைகள் இன்னும் அங்கேதான் உட்காருகிறார்களா? அதை மட்டுமாவது சொல்லுங்கள்.

வாலு


ஏப்ரல் 13

அண்ணி,

பதில் இல்லை. பரவாயில்லை. அடுத்த வாரமும் எழுதுவேன், அதற்கடுத்த வாரமும் எழுதுவேன். நீங்கள் என்னோடு பேசாமலே போனாலும் சரி, அந்த இருபது இடத்திலும் விரல் நுழைகிறவரை விடுவதாக இல்லை. அசல் பிடிவாதம், உங்கள் வீட்டுக்காரருடையதேதான்.

செயலாளரின் முகவரியை அனுப்புங்கள். அனுப்பாவிட்டால் பள்ளிக்கூட முகவரிக்கே எழுதுகிறேன்.

வாலு


ஏப்ரல் 18

அன்புள்ள வாலுக்கு,

எழுதவே கூடாது என்றிருந்தேன். நீ விடமாட்டாய் போலிருக்கிறது. அந்த மகானுபாவர் யார் என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

உன் அண்ணன் கேட்டார். ஒரு வார்த்தை அல்ல, ஒரு தாள் நிறைய. கட்டம் போட்ட தாளில் பதினொரு தூணையும் வரைந்து, சுவரை வரைந்து, அதில் ஒரு பிரதியைக் கடிதத்தோடு உனக்கு அனுப்பினார். மற்றொன்று அவரிடம் இருந்தது. அதைத்தான் இதோடு வைத்திருக்கிறேன். மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறார், பார். பக்கத்தில் அவர் எழுத்து: "இங்க ஒட்டிக் கட்டலாமா, கொஞ்சம் விட்டுக் கட்டணுமா? ஒட்டுனா தூணு பாவம்னு தோணுது. நீ சொல்லு வாலு."

அவருக்குக் கணக்குத் தெரியாது. ஆனால் கை சொல்லியிருக்கிறது.

உன் பதில் பத்து நாளில் வந்தது. அது என்னிடம் இல்லை, பள்ளிக்கூட ஃபைலில் இருக்கிறது. ஆனால் எனக்கு மனப்பாடம். "அண்ணா, படம் பார்த்தேன். எல்லாம் சரி. நீ கட்டினால் தப்பாகுமா? தைரியமாக ஆரம்பி." கீழே உன் கையெழுத்து, பட்டம், பதிவு எண். அதை எடுத்துக்கொண்டு நேரே செயலாளரிடம் போனார். "என் தங்கச்சி பாத்துச் சரின்னு சொல்லிட்டா சார்" என்று அன்றைக்கு எத்தனை பேரிடம் சொன்னார் தெரியுமா? பெருமை தாங்கவில்லை. மறுநாள் வேலை ஆரம்பித்தது.

உன் முதல் கடிதம் வந்தபோதே எனக்கு இது தெரியும். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். நீ தாங்கமாட்டாய். அந்த ஒரு வரியை எழுதியிருக்காவிட்டால் இப்போதும் சொல்லியிருக்கமாட்டேன். இரண்டும் உண்மை.

இன்னொன்றையும் கேட்டிருந்தாய். உன் இரண்டாம் கடிதம், ஸ்கேலை முறிக்கச் சொன்னாயே, அது வந்த அன்றே ஒன்றாம் வகுப்பைத் தனிக் கட்டடத்தில் இருக்கும் என் அறைக்கு மாற்றிவிட்டேன். முப்பத்தொரு பேர். மாடி வகுப்புகள் பின்கட்டில் இரண்டு வேளையாக நடக்கின்றன. பெற்றோரிடம் வெள்ளையடிக்கப் போகிறோம் என்று சொல்லியிருக்கிறேன். வாழ்க்கையில் முதல் முறையாகப் பொய் சொல்கிறேன், அதுவும் எழுத்தில். இதை எத்தனை நாள் ஓட்ட முடியும் என்று தெரியவில்லை. குழு அடுத்த மாதம் கூடுகிறது. "அன்னைக்குச் சரின்னு எழுதுனதும் அதே அம்மா, இன்னைக்குத் தப்புன்னு எழுதுறதும் அதே அம்மா. எதை நம்புறது?" என்கிறார் செயலாளர். அவர் கேட்பதில் தப்பு என்ன?

அண்ணி


ஏப்ரல் 27

அன்புள்ள அண்ணிக்கு,

மூன்று நாளாகப் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்கு முன் அதை நான் பார்த்ததே இல்லை.

"படம் பார்த்தேன்" என்று எழுதியது பொய். அந்த வாரம் புது வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன், பெட்டி கட்டுவது பாதியில் கிடந்தது. அண்ணன் கடிதத்தைப் படித்தேன். படம் எட்டாக மடித்து உள்ளே இருந்தது. அண்ணன் வேலைதானே, போய் நிதானமாகப் பார்க்கலாம் என்று பிரிக்காமல் வைத்தேன். பதில் எழுதாவிட்டால் அண்ணன் வருத்தப்படுவார் என்று நான்கு வரி எழுதிப் போட்டேன். அன்பாக எழுதுவதாக நினைத்துக்கொண்டு எழுதினேன், அண்ணி. அந்தப் படத்தை அதற்குப் பிறகும் பிரிக்கவில்லை. அது எங்கே போனது என்றுகூடத் தெரியாது. அந்த நான்கு வரி எழுதியதே எனக்கு மறந்துபோயிருந்தது. கேட்டிருக்கலாம் என்று உங்களிடமே எழுதியிருக்கிறேன். என் கையை உடைத்தால் என்ன என்று இருக்கிறது.

ஆனால் கையை உடைத்துக்கொண்டு உட்கார நேரமில்லை. குழுவுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன், இதோடு இருக்கிறது. அதில் இருப்பது இதுதான்:

"பள்ளி நிர்வாகக் குழுவினருக்கு. வராந்தாச் சுவர் குறித்து ஆறு ஆண்டுகளுக்கு முன் நான் கொடுத்த ஒப்புதல் செல்லாது. படத்தைப் பார்த்ததாக அதில் எழுதியிருந்தேன். நான் பார்க்கவில்லை. கட்டிய மேஸ்திரி, சுவருக்கும் தூணுக்கும் இடைவெளி விட வேண்டுமா என்று சரியான கேள்வியைக் கேட்டார். நான் பதில் சொல்லாமல் சரி என்று எழுதினேன். தவறு முழுவதும் என்னுடையது, அவருடையது அல்ல. இப்போது அளவுகளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்: நிலநடுக்கத்தில் அந்தத் தூண்கள் மேல் மூன்றடியில் உடையும். சுவரை அறுக்கும்வரை அங்கே குழந்தைகளை உட்கார வைக்கக்கூடாது. என் சொல்லை நம்ப வேண்டாம். வேறு பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். அவர் படத்தைப் பிரித்துப் பார்க்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்."

கையெழுத்து, பட்டம், பதிவு எண் எல்லாம் போட்டிருக்கிறேன். அனுப்புவதற்கு முன் எங்கள் குழுத் தலைவரிடம் காட்டினேன். இங்கே நான் ஒட்டும் சீட்டை நம்பித்தான் ஜனங்கள் வீட்டுக்குள் போகிறார்கள், அவருக்குத் தெரியாமல் இருக்கக்கூடாது. படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இத எழுதிக் குடுத்தா இனிமே உங்க கையெழுத்த யாரும்மா நம்புவாங்க?"

"குடுக்கலேன்னா நானே நம்ப மாட்டேன் சார்."

விசாரணை முடிகிறவரை கட்டடம் பார்க்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். நான் ஒட்டிய எண்பத்தியாறு சீட்டையும் வேறு ஆள் மறுபடி போய்ப் பார்க்கிறார். அதுதான் நியாயம். மற்றவர்கள் எடுத்துவரும் அளவுகளை உட்கார்ந்து தாளில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். என் உரிமம் இருக்குமா போகுமா என்று தெரியவில்லை.

என்னை மன்னியுங்கள் என்று கேட்க இந்தக் கடிதத்தில் எனக்கு வாய் வரவில்லை. சுவரை அறுங்கள்.

வாலு


மே 22

அன்புள்ள வாலுக்கு,

உன் கடிதத்தைக் குழுவில் நானே வாசித்தேன்.  முடித்ததும் உன் அண்ணன் போட்ட படத்தை மேஜையில் விரித்தேன். சிவப்பு வட்டத்தை ஒவ்வொருவராக எழுந்து வந்து குனிந்து பார்த்தார்கள். நீ சொன்னபடியே வேறு ஒரு பொறியாளரை அழைத்தோம். படத்தைப் பிரித்தாரா என்று நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிரித்தார். டேப்பும் பிடித்தார். நீ சொன்னதைத்தான் சொன்னார், உன்னைவிட மரியாதையாக.

பழைய தாளை ஃபைலிலிருந்து எடுத்துவிடலாமா என்று செயலாளர் கேட்டார். வேண்டாம், இரண்டும் இருக்கட்டும் என்றேன். உனக்கு அது வலிக்கும். இருக்கட்டும்.

அறுக்க ரசமட்டத்தைத்தான் கூப்பிட்டேன். உன் அண்ணனிடம் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவன், மட்டம் பார்க்கும் ரசமட்டக் கட்டை இல்லாமல் ஒரு செங்கல் வைக்கமாட்டான் என்பதால் அவர் வைத்த பெயர். மெஷினைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவன் சுவரைப் பார்த்ததும் கீழே வைத்துவிட்டான். "மேஸ்திரி வேலைல நான் மெஷின் வெக்கவா? என்னால ஆகாது டீச்சர், வேற ஆளப் பாருங்க." படத்தை எடுத்து அவனிடம் கொடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தான். தூணு பாவம் என்ற இடத்தில் நிறுத்தினான். அப்புறம், "அவரு கேட்டுருக்காரே டீச்சர்" என்றான். முகத்தைத் துடைத்துக்கொண்டு மெஷினை எடுத்தான்.

முதல் வெட்டு விழுந்தபோது நான் என் அறைக்குப் போய்விட்டேன். பொய் சொல்லவில்லை, அழுதேன். ஒன்றாம் வகுப்பு முழுதும் என்னையே பார்த்தது. "டீச்சருக்குத் தூசி" என்று ஒரு பெண் மற்றவர்களுக்கு விளக்கம் சொன்னாள். பிறகு எழுந்து போய் நின்றேன். பதினோரு நாள், தினமும் நின்றேன். இரும்புக் கால்களைப் பதித்தாயிற்று, எதுவும் தூணைத் தொடவில்லை. ஏழாவது தூணில் கீழே ஒரு கலவைக்கட்டியை விட்டுவிட்டான், இருட்டில் தெரியவில்லை என்றான். டார்ச் அடித்து எடுக்க வைத்தேன். தெர்மாக்கோலை இன்னும் வைக்கவில்லை. வைக்க வேண்டாம் என்று நிறுத்தியிருக்கிறேன்.

என் கோபம் போய்விட்டதா என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். அவர் எத்தனை பெருமையாக அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு திரிந்தார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு உன்மேல் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் உன் பெயரையும் பிழைப்பையும் பணயம் வைத்து அந்தக் கடிதத்தை எழுதினாயே, அதை எழுதியவளும் நீதான். இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரியும்போது சொல்கிறேன்.

உன் உரிமம் போகலாம் என்று எழுதியிருந்தாய். போனாலும் கண்ணும் விரலும் போகாது அல்லவா? வேலை முடிந்த விவரத்தைப் படம் எடுத்து அனுப்பலாம் என்றார் செயலாளர். வேண்டாம் என்றுவிட்டேன். உனக்கு இனி எந்தப் படமும் அனுப்புவதாக இல்லை. நேரில் வா. இருபது இடத்திலும் விரல் விட்டுப் பார். பார்த்துவிட்டு என்னிடம் வாயால் சொல். நீ சொல்கிறவரை ஒன்றாம் வகுப்பு என் அறையில்தான் இருக்கும்.

முப்பத்தொரு பேர். சத்தம் தாங்கவில்லை. சீக்கிரம் வந்து சேர்.

அண்ணி